கன்டெய்னர் எண்ணும் திரையின் கூறுகளும்

கொடுங்கையூருக்கு அக்கம்பக்கத்தில், மாதவரம், மணலி, திருவொற்றியூர் பகுதிகளில் உள்ள கன்டெய்னர் சரக்கு நிலையங்கள் சென்னைத் துறைமுகத்தின் பின்கட்டு போன்றவை. தொழிலில் இருப்பவர்கள் இவற்றை சி.எஃப்.எஸ். என்பார்கள். கன்டெய்னருக்கென்றே அமைந்த நாட்டின் முதல் முனையம் 1983இல் சென்னைத் துறைமுகத்தில் இயங்கத் தொடங்கியது. பெட்டிகள் பெருகியபோது, அவற்றைத் திறந்து சுங்கச் சோதனை முடிக்கும் வேலையில் பெரும்பங்கு இந்த நிலையங்களுக்கு வந்தது. டிரெய்லர்களோடு காகிதமும் வந்தது.

ஒரு பெட்டி வெளியேறக் கப்பல் கம்பெனியின் மேனிஃபெஸ்ட், பில் ஆஃப் என்ட்ரி, தீர்வை கட்டிய சலான், டெலிவரி ஆர்டர், கேட் பாஸ் எல்லாம் வேண்டும். ராஜாஜி சாலை சுங்க மாளிகைக்கும் கப்பல் ஏஜென்ட் அலுவலகங்களுக்கும் சரக்கு நிலையத்துக்கும் இடையே இவற்றைச் சுமந்து அலைவது கிளியரிங் ஏஜென்ட்டின் ஆட்களுடைய வேலையாக இருந்தது.

தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய சுங்கக் கணினி முறை 1995இல் டெல்லியில் சோதனையாகத் தொடங்கிப் பின்னர் மற்றச் சுங்க மாளிகைகளுக்கும் பரவியது. ஆனால் சுங்கத்துக்கு ஒரு மென்பொருள், துறைமுகத்துக்கு ஒன்று, கப்பல் கம்பெனிக்கு ஒன்று என்று ஆனதில், ஒரே கன்டெய்னர் எண்ணை ஒவ்வோர் இடத்திலும் புதிதாகத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. காகிதம் குறைந்தது, எழுத்து வேலை குறையவில்லை.

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் இதே சிக்கலோடு மென்பொருள் துறையும் நெடுநாள் மல்லுக்கட்டியது. மென்பொருளையும் தயார் உறுப்புகளாகச் செய்து பூட்ட வேண்டும் என்று 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் மாநாட்டில் டக் மெக்கில்ராய் வாதாடினார். இணையச் செயலிகளில் அந்த எண்ணத்தை நெக்ஸ்ட் நிறுவனத்தின் வெப்ஆப்ஜெக்ட்ஸ் 1996இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஜாவா உலகில் 1998இல் என்டர்பிரைஸ் ஜாவா பீன்ஸும் 2004இல் ஜாவாசர்வர் ஃபேசஸும் வந்தன. மைக்ரோசாஃப்டின் ஏ.எஸ்.பி. டாட் நெட் 2002இல் வெளியானது. இத்தகைய அடித்தளங்களைச் சட்டகம் (ஃப்ரேம்வொர்க்) என்பார்கள்.

இணையத் திரையில் அத்தகைய தயார் உறுப்புதான் கூறு: தன் தோற்றத்தையும் தரவையும் சரிபார்ப்பையும் தன்னுள்ளேயே வைத்திருக்கும் திரைப்பகுதி. கன்டெய்னர் எண்ணை நிரப்பும் கட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஐ.எஸ்.ஓ. 6346 தரத்தின்படி அதில் 4 எழுத்து, 6 இலக்கம், கடைசியில் ஒரு சோதனை இலக்கம். எழுத்துகளுக்கு 10 முதல், 11இன் மடங்குகளைத் தவிர்த்து, வரிசையாக மதிப்பு உண்டு. இடத்துக்கு இடம் 1, 2, 4, 8 என்று இரட்டிக்கும் எடையால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் சோதனை இலக்கம். மீதி 10 என்றால் 0. எண் ஒன்றைத் தவறாக அடித்தால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். பழைய பாணியில் இந்தக் கணக்கைப் பக்கத்துக்குப் பக்கம் எழுத வேண்டும். ஒன்றில் திருத்தி மற்றொன்றில் மறப்பது சகஜம். கூறாக ஒருமுறை எழுதினால் கேட் பாஸ் திரையிலும் டெலிவரி ஆர்டர் திரையிலும் அதையே பொருத்தலாம். உலகமே ஒப்புக்கொண்ட விதி இருப்பதால்தான் இது இவ்வளவு எளிது. ஆளுக்கொரு வடிவில் வரும் சரக்கு விவரணையை எந்தச் சட்டகத்தாலும் இப்படி அடக்க முடியாது.

முதல் தலைமுறைச் சட்டகங்கள் கனமானவை. ஏ.எஸ்.பி. டாட் நெட்டின் வெப் ஃபார்ம்ஸில் ஒரு பொத்தானை அழுத்தினால் படிவம் முழுவதும், பக்கத்தின் நிலையைக் குறித்த மறைதரவோடு, சர்வருக்குப் போய்த் திரும்பும். மெதுவான இணைப்பில் இது பெரும் சோதனை. 2010இல் ஆங்குலர்ஜேஎஸ், 2013இல் ரியாக்ட் வந்த பிறகு திரையின் வேலை உலாவிக்கே மாறியது. சர்வர் தரவை மட்டும் அனுப்பினால் போதும்.

துறைமுகங்களின் தரப்பில், இந்தியத் துறைமுகச் சங்கம் 2007 டிசம்பரில் இணையவழித் துறைமுகச் சமூக அமைப்பைத் தொடங்கியது. சுங்கத்துறையின் ஒற்றைச் சாளர முறை 2016 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உணவு, மருந்து போன்ற துறைகளின் அனுமதிக்குத் தனி மனு போடும் தேவை குறைந்தது. துறைமுகச் சமூக அமைப்பின் புதிய வடிவமாக 2018 டிசம்பரில் வந்த பி.சி.எஸ். 1எக்ஸ் வேறொரு வழியைப் பிடித்தது. எல்லோரும் ஒரே மென்பொருளுக்கு மாற வேண்டும் என்று அது கேட்கவில்லை. ஏஜென்ட்டோ கப்பல் கம்பெனியோ ஏற்கெனவே வைத்திருக்கும் மென்பொருளைத் தன்னோடு கோத்துக்கொள்ள வசதி தந்தது. கூறு என்ற எண்ணம் திரையைத் தாண்டி நிறுவனங்களுக்கு இடையிலான இணைப்புக்கும் வந்தது இங்கேதான். 2023 ஜனவரியில் இது தேசிய சரக்குப் போக்குவரத்துத் தளத்தின் கடல்சார் பிரிவாக விரிந்தது.