கரையேறிய மீனும் கைப்பொருளும்

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குச் செல்லும் பெருஞ்சாலையில், அரியாங்குப்பத்தையும் சுண்ணாம்பாற்றையும் கடந்து தெற்கே வருகிறவர்க்குத் தவளக்குப்பம் முதலில் ஒரு சாலைச் சந்திப்பாகவே காட்சி தருகிறது. கிழக்கே பிரியும் வழி நல்லவாடு முதலிய மீனவக் கிராமங்களுக்கும், மேற்கே பிரியும் வழி அபிஷேகப்பாக்கத்து வயல்களுக்கும் போகின்றன. அவற்றுக்கு அப்பால், ஏரிப் பாசனத்தால் புகழ்பெற்ற பாகூர்ப் பிரதேசம் விரிந்து கிடக்கிறது. கடலுக்கும் கழனிக்கும் நடுவே இவ்வாறு அமைந்துவிட்ட ஓர் ஊரின் பூர்வ வாழ்வை எழுதப் புகுகிறவன், கிழக்கிலிருந்து மேற்கே மீனையும் மேற்கிலிருந்து கிழக்கே நெல்லையும் தலைச்சுமையாகவே கொண்டுசென்ற பெண்களை விட்டுவிட்டு எழுதுவானாயின், அவன் எழுதுவது பாதிச் சரித்திரமே ஆகும்.

இந்த வாணிபத்தின் தொன்மைக்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மீனைக் கொடுத்து நெல் பெறும் பாண்மகளை ஐங்குறுநூறு காட்டுகிறது. தெருவிலே உப்புக்கு நெல்லை விலையாகக் கூறிச் செல்லும் உமணர் மகளை அகநானூறு காட்டுகிறது. தவளக்குப்பத்துக்கு வடக்கே, ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்டிமர் வீலர் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த மதுச்சாடிகளின் ஓடுகள் வெளிப்பட்டன. அவ்வோடுகள் உலகப் புகழ் அடைந்தன. மூங்கிற் கூடையும் பனையோலைப் பெட்டியும் மண்ணில் மக்கிப் போகும் பொருள்களாதலால், அதே கரையில் மீன் விற்று அடுப்பெரித்தவர்களுக்கு அத்தகைய ஸ்தூலமான சாட்சியம் வாய்க்கவில்லை. ஆயினும், அவர்கள் தொழில் இன்றும் நடக்கிறது.

சோழமண்டலக் கரையில் வாழும் பட்டினவர் சமூகத்தில் வேலைப் பிரிவினை கண்டிப்பானது. கட்டுமரமும் வலையும் ஆணுடையவை. பெண் கடலேறுவது வழக்கமில்லை. ஆனால் மரம் கரையைத் தொட்டு, பங்கு பிரிந்தவுடன், கணவன் பங்கு மீன் மனைவியின் கூடைக்கு வந்து சேரும். சங்கராவா, காரப்பொடியா, நெத்திலியா, எதை எங்கே கொண்டுபோனால் என்ன விலைக்குப் போகும் என்பதை நிதானிப்பவள் அவள். எந்த வீட்டுக்குக் கடன் வைக்கலாம், எந்த வீட்டில் அறுவடைக்குப் பின் நெல்லாக வாங்கிக்கொள்ளலாம் என்பதை மனக்கணக்காகவே வைத்திருப்பவளும் அவளே. விற்ற காசு அவள் முந்தானையில் முடியப்பட்டது. வலை வாங்குவதற்கும், பெண்ணுக்குக் கல்யாணம் செய்வதற்கும், புயல் மாதங்களில் அடுப்பு அணையாதிருப்பதற்கும் அந்த முடிச்சே ஆதாரமாக இருந்தது. கணவனைக் கடலுக்குக் கொடுத்துவிட்ட விதவைக்கும், பிறரிடம் சென்று கை நீட்டாமல் ஜீவிப்பதற்கு இத்தொழில் இடமளித்தது. இத்தனை பொறுப்பையும் பெண்ணிடம் ஒப்படைத்த சமூகம், ஊர்ப் பஞ்சாயத்தில் மாத்திரம் அவளுக்கு ஆசனம் அளிக்கவில்லை என்பது பெருங்குறை. அக்குறையை வழக்கம் என்று சொல்லி நியாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

பச்சை மீன் விலைபோகாத நாளில் கருவாடு கைகொடுத்தது; கருவாட்டுக்கு உப்பு வேண்டும். இந்த இடத்தில்தான் இரண்டு ஐரோப்பிய அரசுகளின் ராஜதந்திரம், ஓர் ஏழைப் பெண்ணின் உப்புப் பானைக்குள்ளேயே கை நுழைத்தது. 1815ஆம் ஆண்டின் உடன்படிக்கையால், பிரெஞ்சிந்தியப் பகுதிகளில் விளையும் உப்பைக் கொள்முதல் செய்யும் தனியுரிமை ஆங்கிலேயருக்குப் போயிற்று. 1818இல், ஆண்டுக்கு 4,000 வராகன் நஷ்டஈடு தருவதாகப் பேசி, உப்பு விளைவிப்பதையே நிறுத்திவிட்டார்கள். அந்த நஷ்டஈட்டுக் கணக்கில் கருவாட்டுக்காரிக்குப் பங்கு ஏது? பிரெஞ்சுக் கிராமமும் ஆங்கிலக் கிராமமும் மாறி மாறிப் பின்னிக் கிடந்த அந்நாட்டில், கூடைக்காரி ஒரே காலை நடையில் இரண்டு ராஜ்யங்களின் மண்ணை மிதித்துத் திரும்பினாள். 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு மாறியபோது எல்லைகள் மங்கின. கூடையின் பாரம் குறையவில்லை.

அதன்பின் வந்த மாறுதலே அவளை உண்மையில் உலுக்கியது. இயந்திரப் படகும் நைலான் வலையும் பரவின; இறாலுக்கு வெளிநாட்டில் கிராக்கி ஏற்பட்டது; ஐஸ் வந்தது. ஊர்க் கரையில் இறங்கிய மீன் தேங்காய்த்திட்டு, கடலூர் முதுநகர் முதலிய துறைமுகங்களில் டன் கணக்கில் இறங்கி, ஏலத்துக்குப் போகலாயிற்று. ஏலத்தில் நிற்பதற்கு ரொக்கம் வேண்டும். கணவன் கையிலிருந்து மீனைப் பெற்றவள், லாரியோடு வந்த பெருவியாபாரியோடு போட்டியிட்டு, அவன் கழித்ததை விலைக்கு வாங்குபவளாக ஆனாள். 1,000 ரூபாய் என்று சொல்லி 900 ரூபாயைக் கையில் தரும் தண்டல்காரனிடம் அவள் போனதற்குக் காரணம் இதுதான்; அவளுக்குச் சிக்கனம் தெரியாமலில்லை. இயந்திரப் படகுகள் கடலுக்குப் போகாத 61 நாள் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விற்க மீன் அருகினாலும் வட்டி நிற்பதில்லை.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமியிலிருந்து நல்லவாடு தப்பிய விதத்தை நாடறியும். சிங்கப்பூரில் வேலை செய்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையத்திலிருந்த ஒலிபெருக்கி மூலம் அறிவிப்புச் செய்து, ஜனங்கள் உயிர் பிழைத்தார்கள். கரை நெடுகிலும் பின்னர் வந்த நிவாரணத்தில் படகும் வலையும் முதலில் எண்ணப்பட்டன. கூடையும், தராசும், வசூலாகாத கடன் பாக்கியும் எண்ணுவதற்குரிய சொத்தாகத் தோன்றவில்லை. அக்காலத்தில் பெருகிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இந்தப் பிழையை ஓரளவு திருத்தின என்றே சொல்லவேண்டும். சிறு தொகையானாலும் நியாய வட்டிக்குக் கடன் கிடைத்த இடங்களில், தண்டல்காரன் பிடி தளர்ந்தது.

இப்பெண்களுக்குப் புதிதாக வியாபாரம் கற்பிக்கவேண்டும் என்று கருதுவோரின் அபிப்பிராயம் எனக்கு உடன்பாடன்று. அவர்களுக்கு வேண்டியவை சில எளிய வசதிகள்: ஏல மேடைக்கு அருகில் விடியற்காலையில் கிடைக்கும் கடன், மழைக்கும் வெயிலுக்கும் கூரை, தண்ணீர், கழிப்பிடம், கூடையோடு ஏறுவதற்கு ஒரு பஸ். 2021 டிசம்பரில் குளச்சலில், நாற்றம் என்று சொல்லி முதிய மீன் வியாபாரி ஒருவரை அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்ட செய்தியைப் படித்து நாடு வருந்தியது. ஊழியர்கள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் அமரும் வியாபாரிகளின் பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்கவேண்டும் என்கிறது. தவளக்குப்பம், அரியாங்குப்பம் போன்ற இடங்களில் மீன் விற்கும் இடத்தை அமைப்பவர்களும் மாற்றுபவர்களும், வரைபடம் போடுவதற்கு முன்பே, அங்கே உட்கார்ந்து விற்கும் பெண்களை அழைத்துக் கேட்கட்டும்.