ஃபேன் பெல்ட் மாற்றுதல்

ஃபேன் பெல்ட் என்பது எஞ்சினின் கிராங்க் புல்லியிலிருந்து சுழற்சியை விசிறி, வாட்டர் பம்ப், டைனமோ எனப்படும் ஆல்டர்னேட்டர் ஆகியவற்றுக்குக் கொண்டுசெல்லும் ரப்பர் பட்டை. பல வண்டிகளில் இது அறுந்தால் பேட்டரி சார்ஜ் ஏறாது. தண்ணீர் சுழலாமல் எஞ்சின் கொதித்துவிடும்.

வட்டாரப் பயன்பாடு

அரியலூர் மாவட்டம் சுண்ணாம்புக்கல் பூமி. அரசின் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் ஆலை அரியலூரில் 1979 முதல் இயங்குகிறது. ரெட்டிபாளையம், கோவிந்தபுரம் போன்ற இடங்களில் தனியார் ஆலைகள் உள்ளன. இவற்றுக்குக் கல் ஏற்றும் லாரிகளில் சுண்ணாம்புத் தூசி புல்லியின் பள்ளத்தில் படிந்து, பெல்ட்டின் பக்கங்களை அராவுகிறது. மக்காச்சோளம் விளையும் பெரம்பலூரில் டிராக்டர்களும் கதிரடிக்கும் இயந்திரங்களும் அறுவடைக் காலத்தில் ஓய்வின்றி ஓடுவதால் அவற்றின் பெல்ட்டுகளும் தேய்கின்றன.

தேய்மானம்

வி வடிவ பெல்ட் தன் இரு பக்கங்களால்தான் புல்லியைப் பற்றுகிறது. பக்கங்கள் தேய்ந்தால் பெல்ட் பள்ளத்தின் அடியைத் தொட்டு வழுக்கும். கீச்சொலி, பக்கங்களில் பளபளப்பு, வெடிப்பு, நூல் பிரிதல் ஆகியவை மாற்ற வேண்டியதன் அறிகுறிகள்.

மாற்றும் முறை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, எஞ்சின் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். மின்விசிறி உள்ள வண்டியில், எஞ்சின் நின்ற பின்னும் சூட்டில் விசிறி தானே சுழலக்கூடும்.

பழைய பெல்ட் போகும் வழியை வரைந்தோ படம் எடுத்தோ வைத்துக்கொண்டு, டைனமோவின் போல்ட்டுகளைத் தளர்த்தி, அதை உள்ளே தள்ளிப் பெல்ட்டைக் கழற்றலாம். தானாக இறுக்கும் டென்ஷனர் இருந்தால் அதை ஸ்பேனரால் திருப்பிப் பிடிக்க வேண்டும். பள்ளங்களைத் துடைத்து, புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்து, அதே அளவுள்ள புதிய பெல்ட்டைப் பூட்ட வேண்டும். இரட்டைப் பெல்ட் என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று பழையதானால் சுமை முழுவதும் புதியதன்மேல் விழும். இறுக்கம் அந்தந்த எஞ்சினுக்குரிய அளவில் இருக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் பேரிங் கெடும். சற்று நேரம் ஓடவிட்டு, எஞ்சினை நிறுத்தி மறுபடி சரிபார்க்க வேண்டும்.

பாதுகாப்பு

திருப்புளியால் நெம்பி ஏற்றினால் பெல்ட்டின் உள்நூல் அறுபடும். ஸ்டார்ட்டரைச் சுழற்றிப் பெல்ட்டை ஏற்றுவது விரல்களையே பறித்துவிடும். தோளில் துண்டு, தொங்கும் லுங்கி, தளர்ந்த சேலை, அவிழ்ந்த கூந்தல் ஆகியவற்றோடு புல்லியை நெருங்கக் கூடாது. கதிரடிக்கும் இயந்திரங்கள் விளைவித்த விபத்துகளைக் கருதியே இந்தியாவில் 1983-இல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. பெல்ட்டை மாற்றியதும், கழற்றிய தடுப்புக் கூண்டைத் திரும்பப் பூட்டிய பிறகே இயந்திரத்தை வேலைக்கு விட வேண்டும்.