காந்த நடுக்கோட்டின் கீழே கெடா: வானொலி அறிவியலும் விண்வெளிச் சூரிய மின்சாரமும்

1968 நவம்பரில் 'சயின்ஸ்' இதழில் பீட்டர் கிளேசர் என்ற பொறியாளர் ஒரு திட்டத்தை முன்வைத்தார். புவிநிலைச் சுற்றுப்பாதையில், அதாவது சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பெரிய சூரியத் தகடுகளை நிறுத்தி, அங்கே கிடைக்கும் மின்சாரத்தை நுண்ணலையாக மாற்றித் தரைக்கு அனுப்பலாம் என்பதே அது. மேகமும் இரவும் அந்த உயரத்தில் பெரும் தடையல்ல. ஆனால் அந்த அலைக்கற்றை தரையைத் தொடுமுன், மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைந்த மேல்வளியான அயனிமண்டலத்தைக் கடந்தாக வேண்டும். அயனிமண்டலம் மிகவும் கொந்தளிக்கும் பட்டைகளில் ஒன்று மலேசியாவின் கெடா மாநிலத்துக்கு நேர் மேலே இருக்கிறது. ஆகவே விண்வெளிச் சூரிய மின்சாரத்துக்கான பன்னாட்டு ஒத்துழைப்பின் வரலாற்றில் கெடாவுக்கும் ஓர் இடம் உண்டு. நடுக்கோட்டு நாடுகள் இந்த அறிவியலுக்கு முதலில் இடம் மட்டுமே தந்தன, அறிவில் பங்கு கேட்கத் தொடங்கியது பிறகுதான், அந்த மாற்றம் இன்னும் பாதி வழியில் நிற்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

தமிழ்த் தொழிலாளர் வாழ்ந்த கெடாத் தோட்டங்களுக்கு அயனிமண்டலம் முதலில் அறிமுகமானது வானொலி வழியாக. 1934-இல் பினாங்கு வானொலிச் சங்கம் ஒலிபரப்பைத் தொடங்கியது; மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழுக்கும் அதில் இடம் இருந்தது. பின்னர் அகில இந்திய வானொலியும் இலங்கை வானொலியும் சிற்றலையில் கடல் தாண்டி வந்தன. சுங்கை பட்டாணியிலோ பாடாங் செராயிலோ ஒரு லயத்து வீட்டில் சென்னையின் குரல் ஒலித்ததற்குக் காரணம், அந்த அலை வானத்தில் பட்டுத் திரும்பியதே. சில இரவுகளில் குரல் தெளிவாக வரும். சில இரவுகளில் அலைந்து தேய்ந்து மறையும். அந்தத் தேய்வின் காரணத்தைத் தேடுவது வானொலி அறிவியலின் ஒரு பணி.

காரணத்தின் ஒரு முக்கியப் பகுதி காந்த நடுக்கோட்டில் இருக்கிறது. பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகப் படுத்துக் கிடக்கும் கோடு அது. புவியியல் நடுக்கோட்டிலிருந்து விலகி, தென்னிந்தியாவின் தெற்கு முனையையும் தாய்லாந்துத் தீபகற்பத்தின் தென்பகுதியையும் ஒட்டி அது செல்கிறது. அந்தக் கோட்டின் இருபுறமும் ஏறத்தாழ மூன்று பாகைக்குள், தரையிலிருந்து 100 முதல் 110 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு வலுவான மின்னோட்டம் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. 1951-இல் சிட்னி சாப்மன் அதற்கு நடுக்கோட்டு மின்தாரை என்று பெயரிட்டார். நண்பகலையொட்டி அது உச்சம் அடையும். சூரியன் மறைந்தபின் அதே பட்டையில், அயனிகள் குறைந்த குமிழிகள் கீழிருந்து மேலே எழும்பி, செயற்கைக்கோள் சமிக்ஞைகளைச் சிதறடிக்கும். திருநெல்வேலியும் கெடாவின் லங்காவித் தீவும் இந்த ஒரே பட்டையில் அமைந்திருக்கின்றன. தோட்டத் தமிழரின் முன்னோர் பலர் புறப்பட்ட மண்ணும் வந்து சேர்ந்த மண்ணும் ஒரே மின்தாரையின் கீழ் இருப்பதை நம் வரலாற்று நூல்கள் இதுவரை கவனித்ததாகத் தெரியவில்லை.

குடியேற்றக் காலத்தில் வெளியாரே இந்த வானத்தை அளந்தார்கள். 1929 மே 9 அன்று முழுச் சூரிய கிரகணத்தின் பாதை கெடாவைக் கடந்தபோது பிரிட்டிஷ் வானியலாளர் குழுவொன்று அலோர் ஸ்டாரில் முகாமிட்டது. மேகம் குறுக்கிட்டது. கருவிகளும் கேள்விகளும் அவர்களோடு வந்தன, அவர்களோடு திரும்பின. போருக்குப் பிறகு சிங்கப்பூரில் இயங்கிய அயனிமண்டல அளவீட்டு நிலையமும் பிரிட்டனின் வானொலி ஆராய்ச்சி அமைப்பின் கிளைதான். 1957-58 பன்னாட்டுப் புவியியற்பியல் ஆண்டு இந்த வழக்கத்தை ஓரளவு தளர்த்தியது. அதன் தொடர்ச்சியாக, காந்த நடுக்கோட்டை ஒட்டியிருக்கிறது என்ற காரணத்துக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட இந்தியாவின் தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் ஏவப்பட்டது. 1968-இல் அந்த ஏவுதளம் ஐ.நா.வுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அங்கே ராக்கெட்டும் கருவிகளும் பல நாடுகளிலிருந்து வந்தாலும், இந்திய ஆய்வாளர்களும் ஆய்வில் பங்காளிகளாக இருந்தார்கள். மலேசியாவுக்கு அன்று அப்படியொரு வாய்ப்பு அமையவில்லை.

கிளேசரின் கனவை அமெரிக்க எரிசக்தித் துறையும் நாசாவும் 1970-களின் இறுதியில் விரிவாக ஆராய்ந்தன. ஒரு செயற்கைக்கோள் 5 ஜிகாவாட் மின்சாரம் தரும், 2.45 ஜிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அனுப்பும் என்பது மாதிரித் திட்டம். கற்றையின் மையத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 23 மில்லிவாட் என்ற உச்சவரம்பு வைக்கப்பட்டது. அதற்கு மேல் போனால் அயனிமண்டலம் சூடாகி வானொலித் தொடர்புகளைக் கெடுக்கக்கூடும் என்ற அச்சமே அந்த வரம்புக்குக் காரணம். ஒரு மின்திட்டத்தின் அளவை வானொலி அறிவியல் முடிவு செய்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

அந்த அச்சம் உண்மையா என்று வானத்திலேயே சோதித்தவர்கள் ஜப்பானியர். 1983-இல் கியோத்தோ பல்கலைக்கழகத்தின் ஹிரோஷி மட்சுமோட்டோ குழுவினர் மினிக்ஸ் என்ற ராக்கெட் சோதனையில் அயனிமண்டலத்துக்குள்ளேயே 830 வாட் நுண்ணலையைப் பாய்ச்சினார்கள். 1993-இல் நடந்த இரண்டாவது ராக்கெட் சோதனையில் அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் உருவாக்கிய, நுண்ணலையை மின்சாரமாக மாற்றும் ஏற்பு அலைவாங்கியும் பறந்தது. நுண்ணலை பிளாஸ்மாவில் அலைகளைக் கிளப்புகிறது என்பது இச்சோதனைகளின் முக்கியக் கண்டுபிடிப்பு.

இதே காலத்தில் மலேசியா நேரடியாகவே இக்கதைக்குள் வருகிறது. மக்கோட்டோ நகதோமோ தலைமையில் ஜப்பானின் விண்வெளி அறிவியல் கழக ஆய்வாளர்கள் எஸ்பிஎஸ் 2000 என்ற திட்டத்தை வரைந்தார்கள். 1,100 கிலோமீட்டர் உயரத்தில் புவியியல் நடுக்கோட்டை ஒட்டியே சுற்றும் 10 மெகாவாட் முன்னோடிச் செயற்கைக்கோள் அது. தலைக்கு மேலே கடக்கும் ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே ஒரு நிலையத்துக்கு மின்சாரம் தரும்; ஆகவே நடுக்கோட்டு நாடுகளில் வரிசையாக நிலையங்கள் தேவைப்பட்டன. ஆய்வாளர்கள் தான்சானியா, பப்புவா நியூ கினி, பிரேசில், இந்தோனேசியா, மலேசியா முதலிய நாடுகளுக்கு நேரில் போய்ப் பார்த்தார்கள். வடக்கே மூன்று, தெற்கே மூன்று பாகைக்குள் இருக்கும் இடங்களுக்கே சேவை என்பதால் ஜோகூருக்குத் தகுதி இருந்தது. ஐந்து பாகைக்கும் வடக்கே இருக்கும் கெடாவுக்கு இல்லை. செயற்கைக்கோள் கடைசிவரை கட்டப்படவில்லை. என் மதிப்பீட்டில், வருங்கால மின் நுகர்வோரை முன்கூட்டியே போய்ச் சந்தித்துப் பேசிய அந்த அணுகுமுறை, திட்டத்தின் தொழில்நுட்பத்தைவிட மதிப்புள்ளது.

கெடாவைப் பொறுத்தவரை புவிநிலைச் செயற்கைக்கோள் திட்டமே பொருத்தமானது. அமெரிக்க மாதிரித் திட்டம் தரையிலுள்ள ஏற்பு நிலையத்துக்கு 35 பாகை அட்சரேகையில் 10-க்கு 13 கிலோமீட்டர் நீள்வட்ட நிலம் கேட்டது. செயற்கைக்கோள் கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும் கெடாவில் அந்த நீள்வட்டம் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டமாகச் சுருங்கும். அதுவும் 78.5 சதுர கிலோமீட்டர். தோட்டக் கணக்கில் சொன்னால் 19,400 ஏக்கர். பல தோட்டங்களை ஒன்றாகச் சேர்த்தால்தான் அவ்வளவு நிலம் கிடைக்கும். ஏற்பு நிலையத்தின் கம்பி வலைக்குக் கீழே பயிர் செய்யலாம் என்று திட்டத்தின் ஆதரவாளர்கள் சொல்வதுண்டு. பால்மரம் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தபோதும், தோட்டங்கள் வீட்டு மனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோதும் லயத்து வீட்டையும் கோயிலையும் தமிழ்ப்பள்ளியையும் இழந்த மக்கள் அந்த வாக்குறுதியை எளிதில் ஏற்க மாட்டார்கள். ஏற்கவும் கூடாது. நிலத்தின் மீதான கேள்விக்குப் பதில் இல்லாத எந்தப் பன்னாட்டுத் திட்டமும் கெடாவில் முழுமையான திட்டமாகாது.

1919-இல் பிரஸ்ஸல்ஸில் தோன்றிய பன்னாட்டு வானொலி அறிவியல் ஒன்றியம் நூறாண்டுக்கும் மேலாக இத்துறையின் பொதுமன்றமாக இருக்கிறது. 1984 முதல் 1987 வரை அதற்குத் தலைவராக இருந்தவர் இந்தியாவின் ஏ.பி. மித்ரா. பின்னாளில் தலைவரான மட்சுமோட்டோ, சூரிய மின் செயற்கைக்கோள் பற்றி ஒன்றியத்தின் பல பிரிவுகளையும் சேர்த்து ஒரு பணிக்குழுவை நடத்தினார். அதன் வெள்ளை அறிக்கை 2007-இல் முழு வடிவம் பெற்றது. இத்தொழில்நுட்பத்தை ஆதரித்தவர்களும், வானொலி வானியலுக்கும் தொலைத்தொடர்புக்கும் கேடு வரும் என்று எதிர்த்தவர்களும் ஒரே ஆவணத்துக்காக உட்கார்ந்து வாதாடினார்கள். அறிக்கை திட்டத்துக்குக் கொடி பிடிக்கவில்லை. விடை காணாத கேள்விகளை வெளிப்படையாக வைத்தது. அவற்றுள் கெடாவுக்கு நெருக்கமானது குறி பிசகாமை பற்றியது. தரையிலிருந்து ஒரு வழிகாட்டிச் சமிக்ஞை மேலே போகும். அதைப் பிடித்துக்கொண்டு செயற்கைக்கோள் கற்றையைத் திருப்பி அனுப்பும். நடுக்கோட்டுப் பட்டையில் அந்தியில் எழும் குமிழிகள் அந்தச் சமிக்ஞையைக் குலைத்தால் என்ன ஆகும் என்பதை அளந்தே சொல்ல முடியும்.

அளக்கும் வலை மெல்ல மெல்லப் பின்னப்பட்டது. 2001-இல் கியோத்தோ பல்கலைக்கழகமும் இந்தோனேசிய விண்வெளி அமைப்பும் மேற்குச் சுமத்ராவின் கோத்தோதாபாங்கில் நடுக்கோட்டு வளிமண்டல ராடாரை நிறுவின. தாய்லாந்தின் சும்போனில் ஜப்பானிய உதவியோடு அயனிமண்டல அளவீடு தொடங்கியது. இவ்விரண்டுக்கும் இடையே இருப்பது கெடா. 2007-இல் தொடங்கிய பன்னாட்டுச் சூரிய இயற்பியல் ஆண்டையொட்டி, கியூஷு பல்கலைக்கழகத்தின் கியோஹுமி யுமோட்டோ உலகெங்கும் விரித்த மேக்டாஸ் காந்தமானி வலையில் லங்காவி ஒரு கண்ணியானது. புக்கிட் மாலுட் அணையருகே தேசிய வானாய்வகத்தில் அமைந்த அந்தக் கருவி, காந்தப்புலத்தை நொடிக்கு ஒருமுறை பதிவு செய்வது. அந்தப் பதிவை வைத்து மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் நூருல் ஷஸானா அப்துல் ஹமீது உள்ளிட்டோர் தென்கிழக்காசிய மின்தாரையைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார்கள். 1929-க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரியது. கருவி வெளிநாட்டிலிருந்து வந்தது. கேள்வியும் விடையும் மலேசியருடையவை.

மின்சாரத்தில் கெடா இதற்கிடையே தரை வழியே முன்னேறிவிட்டது. 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் தொழில்நுட்பப் பூங்காவில் ஃபர்ஸ்ட் சோலார் 2008 முதல் சூரியத் தகடுகள் செய்கிறது. கோல கெட்டிலில் 50 மெகாவாட் சூரியப் பண்ணை இயங்குகிறது. விண்வெளி வழியும் கைவிடப்படவில்லை: 2010-இல் அப்துல் கலாம் அமெரிக்காவின் தேசிய விண்வெளிச் சங்கத்தோடு சேர்ந்து விண்வெளிச் சூரிய மின்சாரத்துக்கு அழைப்பு விடுத்தார். 2023-இல் அமெரிக்காவின் கால்டெக் குழு சுற்றுப்பாதையிலிருந்து தரைக்குச் சிறிதளவு நுண்ணலை ஆற்றலை அனுப்பிக் கண்டறிந்தது. ஆயினும் ஒரு ஜிகாவாட் நிலையம் இன்னும் தொலைவில்தான் இருக்கிறது. அது வருமோ வராதோ, அயனிமண்டல அளவீடு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. செயற்கைக்கோள் வழிகாட்டலுக்கும் விமானத் தொடர்புக்கும் அது இன்றைக்கே தேவை.

திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் கழகத்தின் ஆய்வகம் இருக்கிறது. லங்காவியில் காந்தமானி இருக்கிறது. இரண்டு பதிவுகளையும் அருகருகே வைத்துத் தமிழில் ஓர் ஆய்வேட்டை எழுத வடமலேசியப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் நம் மாணவர்கள் முன்வர வேண்டும். சுங்கை பட்டாணி, கூலிம், பாலிங் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் லங்காவிச் சுற்றுலாவின் பட்டியலில் புக்கிட் மாலுட்டையும் சேர்க்க வேண்டும்.