அணி இலக்கணமும் நம் மாணவரும்

ஆங்கில இலக்கியம் பயிலப் புகும் நம் இளைஞர் ‘சிமிலி’, ‘மெட்டஃபர்’ என்னுஞ் சொற்களைக் கண்டு மருளுகின்றனர். ‘கடல்போன்ற துயர்’ என்பது சிமிலி, தமிழில் உவமை. ‘துயர்க்கடல்’ என்பது மெட்டஃபர், தமிழில் உருவகம்.

பல்லவர் காலத்தில் காஞ்சியில் வாழ்ந்த தண்டி, வடமொழியில் ‘காவியாதர்சம்’ என்னும் அணிநூலை இயற்றினார். முறிந்த திருமால் சிலையின் கையைச் சிற்பியொருவர் செப்பனிட்டதைக் காண, நம் கோவளத்திற்குத் தெற்கேயுள்ள மாமல்லபுரத்திற்கு அவர் வந்த செய்தியை, அவரது ‘அவந்திசுந்தரி கதை’ கூறும். காவியாதர்சத்தைத் தழுவி 12ஆம் நூற்றாண்டில் தமிழில் ‘தண்டியலங்காரம்’ எழுந்தது.

இக்கடற்கரை கண்ட புலவரின் கலை, பள்ளிக் கதவு அடைக்கப்பட்டிருந்த நம் முன்னோர்க்கு எட்டவில்லை. இன்று அக்கதவு திறந்துள்ளது. இளைஞர்காள், தண்டியலங்காரத்தைக் கற்பீர்; ஆங்கில அணிகளும் அச்சந்தாரா.