எண்ணெய் சிந்தும் ஊரில் அடுப்பங்கரைத் தரை

எண்ணெய், மிளகாய் வத்தல், பருப்பு வியாபாரத்தால் பேர் வாங்கிய ஊர் விருதுநகர். பரோட்டாவைக்கூடக் கல்லில் எண்ணெயை ஊற்றிப் பொரித்தெடுத்தால்தான் எங்களுக்கு ருசிக்கும். இந்த ஊரில் சமையல்கட்டுக்குத் தரை போடுவதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. அப்பா சிமெண்டுத் தரை போட்ட கொத்தனார், நான் டைல்ஸ் ஒட்டும் கொத்தனார். எங்கள் இரண்டு தலைமுறைக்குள் இந்தப் பக்கத்து வீடுகளின் தரை அடியோடு மாறிவிட்டது. மாறியதில் கிடைத்ததும் உண்டு, தொலைத்ததும் உண்டு.

சிமெண்டுக்கு முன்னால் மண் தரைதான். விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரமெல்லாம் பெரும்பாலும் கரிசல். மழைக்கு உப்பும், கோடைக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். கரிசலை மட்டும் கொட்டித் தரை செய்தால் நிற்காது. அதனால் வண்டியில் செவல் மண் அடித்து, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி, மேலே சாணி மெழுகினார்கள். எண்ணெய் சிந்தினாலும் குழம்பு கொட்டினாலும் மண் குடித்துக்கொள்ளும். அடுத்த மெழுகலில் கறை மறைந்துவிடும். பெண்களுக்கு ஓயாத வேலை அது. ஆனால் வெறுங்காலுக்கு நல்ல பிடிமானம் இருந்தது. வசதியுள்ள வீடுகளில் காரைத்தரை போட்டார்கள். கரிசலுக்கு அடியில் கிடைக்கும் சுக்கான்கல்லைச் சூளையில் சுட்டு எடுத்த சுண்ணாம்பு, மணல், கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டித் தண்ணீர் எல்லாம் சேர்த்து அரைத்த காரை.

பிறகு தரையை மாற்றியதும் இதே மண்ணில் கிடந்த சுண்ணாம்புக்கல்தான். ராஜபாளையத்தில் 1936-ல் பஞ்சாலை தொடங்கிய பி.ஏ.சி. ராமசாமி ராஜா, பின்னாளில் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனத்தையும் தொடங்கினார். விருதுநகருக்கும் சாத்தூருக்கும் நடுவில், துலுக்கப்பட்டி ரயில் நிலையத்துப் பக்கம், 1960-களின் தொடக்கத்தில் அதன் ஆலை ஓட ஆரம்பித்தது. அந்த இடத்துக்கு இன்று அவர் பெயர்தான், ஆர்.ஆர். நகர். பந்தல்குடிச் சுரங்கத்திலிருந்து அதற்குக் கல் போகிறது. 1970-ல் ஆலங்குளத்தில் அரசு சிமெண்ட் ஆலையும் வந்தது. சிமெண்ட் மூட்டை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்ததும், கொஞ்சம் காசு சேர்த்தவர்கள் முதலில் அடுப்பங்கரைக்குச் சிமெண்டுத் தரை கேட்டார்கள். அப்பாவுக்கு வேலை குவிந்த காலம் அது.

சிவப்புத் தரை போடுவதை அவரிடம் நின்று பார்க்க வேண்டும். அடித்தளக் கலவை ஈரமாக இருக்கும்போதே, சிமெண்டில் காவி ஆக்சைடைச் சலித்துக் கலந்து, பாலாகக் கரைத்து ஊற்றுவார். மட்டப்பலகையால் இழுத்து, மணியாசுக் கட்டையால் தேய்த்து, கடைசியில் கரணை. ஒரு அறையைத் தொடங்கினால் அன்றைக்கே முடித்தாக வேண்டும். மறுநாள் ஒட்டுப்போட்டால் அந்தக் கோடு ஆயுசுக்கும் தெரியும். அதனால் ராந்தல் வெளிச்சத்திலும் கரணை ஓடும். கலவை இறுக இறுகக் கரணையைச் சாய்த்துப் பிடித்து அழுத்தி இழுப்பார். மெருகு அந்த அழுத்தத்தில்தான் வரும். பிறகு வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்துவார். சிந்துகிற எண்ணெயை வீட்டுப் பெண்கள் துணியால் தேய்த்துத் தேய்த்தே அந்தத் தரைக்கு மினுமினுப்பு ஏற்றினார்கள். அதற்குப் பகை புளி. சிமெண்ட் சுண்ணாம்பு வகையைச் சேர்ந்தது, புளிப்பு பட்டால் அரிக்கும். அம்மிக்குப் பக்கத்தில் புளித்தண்ணீர் சிந்திய இடம் வெளுத்துச் சொரசொரத்துப் போய்விடும்.

பக்கத்துச் செட்டிநாட்டில் செய்கிற ஆத்தங்குடிக் கல்லுக்கும் இதே குணம்தான். சூளையில் வைக்காத கல் அது. கண்ணாடிப் பலகைமேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்ட் பாலை ஊற்றி, மேலே கலவை நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுப்பது. முற்றத்துக்கும் வளவுக்கும் அதைப்போல அழகு வேறில்லை. புளியும் எலுமிச்சையும் புழங்குகிற சமையல்கட்டுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். மொசைக்கும் கடப்பாக் கல்லும் புளிப்பு விஷயத்தில் இதே ஜாதி.

டைல்ஸ் வந்தபோது இந்தக் குறை தீர்ந்தது. சுட்ட மண்ணும் கண்ணாடிப் பூச்சும் புளியை லேசில் வாங்காது. ஆனால் முதலில் எங்கள் பக்கம் வந்ததில் நிறைய, சுவரில் ஒட்டுகிற கிளேஸ் டைல்ஸ். அவற்றின் உடம்பு எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும். அதையே தரையிலும் ஒட்டச் சொன்னார்கள். கிரைண்டர் நகர்த்திய இடமெல்லாம் பூச்சு தேய்ந்தது, சிலிண்டர் உருட்டிய இடத்தில் விரிசல் விட்டது. அப்புறம் விட்ரிஃபைடு. அது அரை சதவீதம்கூடத் தண்ணீர் குடிக்காது, கல் மாதிரி நிற்கும். ஏறத்தாழ 2000 கிலோமீட்டர் தள்ளி, குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி லாரியாக வந்து இறங்குகிறது. சிக்கல் அதன் மெருகில். ஹாலுக்காகப் பாலிஷ் போட்ட இரண்டடிக்கு இரண்டடிக் கல்லை, மிச்சம் இருக்கிறதே என்று சமையல்கட்டிலும் ஒட்டுகிறார்கள். அதன்மேல் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்தால் கால் நிற்காது. இடுப்பு முறிந்து படுத்த பாட்டிமார் வீடுகளில் தரையைப் பெயர்க்கப் போயிருக்கிறேன். அந்த வேலை எனக்கு வேண்டவே வேண்டாம்.

தரை என்றால் என்ன என்பதை இந்தப் பகுதிக்காரர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1923-ல் இந்தப் பக்கத்துக்காரர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். பின்னால் பட்டாசும் வந்தது. பட்டாசு ஆலையில் மருந்து புழங்கும் அறையின் தரையைப் பற்றி வெடிபொருள் விதிகளே பேசுகின்றன: இரும்பு வெளியே தெரியக்கூடாது, கல்துகள் பெயர்ந்து வரக்கூடாது. ஒரு மணல் பருக்கை மருந்தோடு உரசினால் போதும், தீப்பிடிக்க. அதனால் அந்தத் தரையை வெடிப்பில்லாமல் வழுவழுப்பாக முடிப்போம். மேலே ரப்பர் விரிப்புப் போடுவார்கள். அங்கே வழுவழுப்பு உயிரைக் காக்கிறது, சமையல்கட்டில் அதுவே ஆளைத் தள்ளிவிடுகிறது. என்ன சிந்தும், யார் நிற்பார்கள் என்று பார்த்துத்தான் இரண்டையும் போட வேண்டும். ஆலையில் அவ்வளவு கவனமாக இருப்பவர்கள் வீட்டில் அதை விட்டுவிடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

சமையல்கட்டுக்குக் கல் தேர்வு செய்ய ஜெர்மன்காரர்கள் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். சரிவுப் பலகையில் டைல்ஸை ஒட்டி, மேலே எண்ணெய் தடவி, ஆளை நடக்கவிட்டு, எத்தனை பாகை சரிவில் வழுக்குகிறது என்று பார்த்து ஆர்-9 முதல் ஆர்-13 வரை தரம் போடுகிறார்கள். எங்கள் ஊருக்கென்றே செய்தது போன்ற சோதனை. வீட்டுக்கு ஆர்-10 போதும். பரோட்டாக் கடைக்கும் மண்டபத்துச் சமையல்கட்டுக்கும் ஆர்-11-க்குக் குறைந்து நான் ஒட்டுவதில்லை. மைதாவும் எண்ணெயும் தண்ணீரும் ஒன்றாகச் சேர்கிற பரோட்டாக் கல்லுக்கு முன்னால் அதற்குக் குறைந்தது எதுவும் தாங்காது. கடைகளுக்கு ஒரு அடிக்கு ஒரு அடிக் கல்தான் நல்லது. தண்ணீர் வெளியேறும் ஜாலியை நோக்கி வாட்டம் கொடுக்கப் பெரிய கல் வளையாது, தண்ணீர் நடுவில் தேங்கும். சிறிய கல்லில் இணைப்புகள் கூடுவதால் காலுக்குப் பிடியும் கூடும். இணைப்புகளை எப்பாக்சியால் அடைக்க வேண்டும். சிமெண்டால் அடைத்தால் மஞ்சளும் எண்ணெயும் ஊறிக் கறுத்துவிடும். ரொம்பச் சொரசொரப்பான கல்லும் வேண்டாம், அழுக்கு பிடித்தால் கழுவ முடியாது. கரிசல் பூமியில் வீடு கட்டுபவர்கள் அடியில் சரளை கொட்டி நன்றாக இடித்த பிறகே டைல்ஸைப் பற்றிப் பேச வேண்டும். இல்லையென்றால் இரண்டு மழைக்காலத்தில் எந்த விலைக் கல்லும் தட்டினால் பொக்கைச் சத்தம் கேட்கும்.

கடைக்குப் போகும்போது ஒரு சின்னப் பாட்டிலில் நல்லெண்ணெய் கொண்டு போங்கள். பிடித்த கல்லைத் தரையில் போடச் சொல்லி, நாலு சொட்டு எண்ணெயும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாகக் காலை வைத்துப் பாருங்கள். வீட்டில் அதிக நேரம் அடுப்படியில் நிற்பவர் யாரோ, அவரையும் கூட்டிக்கொண்டு போய் அவர் காலாலேயே சோதிக்கச் சொல்லுங்கள்.