குபுஸ் தந்த துப்பு: மால்டா குறிப்புகள்

போன அக்டோபர் பள்ளி விடுமுறைக்கு மால்டா போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தோம். நான், மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர், ஊரிலிருந்து வந்திருந்த மாமனார். சிசிலிக்குத் தெற்கே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தள்ளி, நடுக்கடலில் மால்டா, கோசோ, கொமினோ என்று மூன்று தீவுகள். எல்லாவற்றையும் சேர்த்தாலும் 316 சதுர கிலோமீட்டர்தான். நம்ம சென்னை மாநகராட்சியே 426.

இவ்வளவு சின்ன இடத்துக்கு இவ்வளவு வரலாறு கொஞ்சம் அதிகம்தான். எகிப்தின் பிரமிடுகளுக்கு முன்பே, கி.மு. 3600 வாக்கில் எழுப்பத் தொடங்கிய கற்கோயில்கள் கோசோவில் நிற்கின்றன. அப்புறம் பினீசியர், கார்தேஜ்காரர், ரோமர், பைசாந்தியர், அரபியர், நார்மன்கள், 1530 முதல் புனித யோவான் சபையின் வீரத்துறவிகள், 1798இல் நெப்போலியன், கடைசியாக பிரிட்டிஷ்காரர்கள். கோயில்களைப் பற்றியும் 1565 முற்றுகையைப் பற்றியும் எழுதியவர்கள் ஏராளம். நான் சொல்ல வந்தது வேறு. அதற்கான துப்பு ஒரு ரொட்டியிலிருந்து கிடைத்தது.

மார்சஷ்லொக் என்கிற மீனவர் ஊரில் ஞாயிற்றுக்கிழமை சந்தை. மாமா குவைத்தில் 23 வருஷம் வேலை பார்த்தவர். அரபி எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும், கடைத்தெரு அரபி தாராளமாக வரும். ரொட்டி விற்ற பெரியவர் முன்னால் நின்ற அம்மாவுக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தார். வீஹெத், த்னெய்ன், த்லீதா, எர்பா, ஹம்சா. மாமா என் முழங்கையைப் பிடித்தார். "மாப்ள, இவரு நம்ம குவைத் பாஷையில்ல பேசுறாரு!" வாஹித், இத்னேன், தலாத்தா, அர்பா, கம்ஸா. ரொட்டிக்கு அவர் சொன்ன பெயர் 'ஹோப்ஸ்'. வளைகுடாவில் இருந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், குபுஸ்! மாமா சும்மா இருப்பாரா? நீங்க பேசுறது அரபியா என்று கேட்டேவிட்டார். பெரியவர் சிரிக்கவில்லை. "அரபி இல்லை. மால்டீஸ். பினீசியர்கள் விட்டுப்போன மொழி" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

பெரியவர் சொன்னதை அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை. மீதி விடுமுறை முழுக்க, குடும்பம் கடலில் குளிக்க நான் அருங்காட்சியகம் தேடி அலைவதாகப் போயிற்று.

முதலில் மொழியைப் பார்த்துவிடுவோம். மால்டீஸ் ஒரு செமித்திய மொழி. அதாவது அரபி, எபிரேயம், பழைய பினீசியம் எல்லாம் உள்ள குடும்பம். ஆனால் எழுதுவது இலத்தீன் எழுத்தில். அகராதியைப் புரட்டினால் பாதிச் சொற்கள் இத்தாலியம், சிசிலியம். செமித்தியச் சொற்கள் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் எண்கள், உறவுப் பெயர்கள், வினைகள், வீடு, கதவு, கடல், தண்ணீர் என்று அன்றாடம் வாயில் புழங்குவதில் பெரும்பகுதி செமித்தியம்.

என்னை அசர வைத்தது மாதா கோயில். மால்டா ஐரோப்பாவிலேயே ஆழ்ந்த கத்தோலிக்க நாடுகளில் ஒன்று. அங்கே கடவுளுக்குப் பெயர் 'அல்லா'. தேவாலயம் 'க்னிஸ்யா', பாதிரியார் 'அஸ்ஸிஸ்'. ஈஸ்டர் பண்டிகை 'ஈத்'. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்குப் பெயர் 'ரந்தான்', ரமதான் என்ற சொல்லிலிருந்து வந்தது! நம்மூரில் இதற்கு நேர் எதிர்த்திசையில் நடந்திருக்கிறது: தமிழ் முஸ்லிம்கள் தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் என்று பழைய தமிழ்ச் சொற்களையே வைத்துக்கொண்டார்கள்.

இனி, ரொட்டிக்காரர் சொன்ன பினீசியக் கதை. அவர் அதைக் கற்பனையில் சொல்லவில்லை. 1750இல் கோசோவைச் சேர்ந்த அஜியுஸ் டி சொல்டானிஸ் என்ற பாதிரியார், மால்டா மக்கள் பேசுவது கார்தேஜ்காரர்களின் பியூனிக் மொழியே என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு புத்தகம் போட்டார். பியூனிக் என்பது பினீசியத்தின் மேற்குக் கிளை. 1791இல் வந்த மிகியேல் அன்டன் வஸ்ஸல்லியின் இலக்கணமும் தலைப்பில் அதையே சொன்னது. இது முட்டாள்தனமான யோசனை என்று நான் சொல்லமாட்டேன். ரோமர் ஆட்சியிலும் இந்தத் தீவில் பியூனிக் பேசினார்கள். புனித பவுல் கப்பல் உடைந்து கரையேறியதைச் சொல்லும் விவிலியப் பகுதி, தீவு மக்களை கிரேக்கத்தில் 'பார்பரோய்' என்கிறது; கிரேக்கம் பேசாதவர்கள் என்று அர்த்தம். பியூனிக்கும் அரபியும் ஒரே குடும்பம் என்பதால் ஒற்றுமைகளும் கண்ணில் படும்.

போதாததற்குக் கையில் கல் ஆதாரம் வேறு. தலைநகர் வலெட்டாவின் தொல்லியல் அருங்காட்சியகத்தில் ஒரு மீட்டர் உயரப் பளிங்குத் தூண் ஒன்று இருக்கிறது. இதற்கு 'சிப்பஸ்' என்று பெயர், இரண்டு இருந்தால் 'சிப்பி' (கிளிஞ்சல் இல்லை, இலத்தீன்). கி.மு. 2ஆம் நூற்றாண்டு வாக்கில், டயர் நகரத்து மெல்கார்ட் தெய்வத்துக்கு அண்ணன் தம்பி இரண்டு பேர் நேர்ந்துகொண்டு வைத்த ஜோடி. பீடத்தில் ஒரே செய்தி பினீசியத்திலும் கிரேக்கத்திலும். பினீசியத்தில் சகோதரர்களின் பெயர் அப்தோசிர், ஒசிர்ஷமார். கிரேக்கத்தில் அதே ஆட்கள் டியோனிசியோஸ், சராபியோன். இவர்கள் தெய்வம் மெல்கார்ட், அங்கே ஹெராக்ளிஸ். வீட்டில் ஒரு பெயர், அலுவலகத்தில் ஒரு பெயர் என்று வாழும் நமக்கு இது புதுசு இல்லை.

இந்த இருமொழிக் கல்லை வைத்துத்தான் 1758இல் பிரெஞ்சு அறிஞர் ழான் ழாக் பார்த்தெலெமி பினீசிய எழுத்தைப் படித்தார். ஷாம்பொலியோன் எகிப்திய எழுத்தை உடைத்தது 1822இல். அதற்கு 64 வருஷம் முன்பே நடந்த கதை. ரோசெட்டா கல்லுக்குக் கிடைத்த புகழ் இதற்குக் கிடைக்கவில்லை. ஜோடியில் ஒன்றை 1782இல் அன்றைய சபைத் தலைவர் பிரெஞ்சு மன்னர் 16ஆம் லூயிக்கு அன்பளிப்பாக அனுப்பிவிட்டார். அது இன்றும் பாரிஸில் லூவரில். வலெட்டாவில் நிற்பது தனிக்கல்.

ஆக, தீவில் பினீசியர் இருந்தது நிஜம். ஆனால் இன்றைய மொழி அவர்களுடையதா? 1810இல் ஜெர்மானிய எபிரேய அறிஞர் வில்ஹெல்ம் கெசேனியுஸ் மால்டீஸை ஆராய்ந்து, இது அரபி வழி வந்ததே என்று காட்டினார். ஒரு சின்னச் சோதனை போதும். ஆங்கிலத்தின் 'தி' போன்ற முன்சொல் பினீசியத்தில் 'ஹ'. அரபியில் 'அல்'. மால்டீஸில் 'இல்': கடல், 'இல்-பஹார்'. சூரியன் என்று வரும்போது அரபியில் அந்த 'ல்' கரைந்து 'அஷ்-ஷம்ஸ்' ஆகும். மால்டீஸிலும் 'இஷ்-ஷெம்ஷ்'. தனிச்சொற்களைக் கடன் வாங்கலாம். இப்படிப்பட்ட இலக்கணப் பழக்கத்தைக் கடன் வாங்குவது அபூர்வம். முஸ்லிம்கள் ஆண்ட சிசிலியில் பேசிய அரபியிலிருந்து கிளைத்தது என்பதே இன்று மொழியியலாளர்கள் ஏற்கும் முடிவு.

"அப்போ ஏன் ஒத்துக்க மாட்டேங்குறாங்க?" என்றாள் மகள். ஏன் என்பதை கோசோவில் புரிந்துகொண்டேன்.

கோசோவுக்கு 25 நிமிடப் படகு. போகும்போது டிக்கெட் கேட்க மாட்டார்கள், திரும்பும்போதுதான் காசு (மாமாவுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போயிற்று, "திரும்பாம எங்க போயிடுவான்னு தெரியும்ல"). தீவின் நடுவே மேட்டில் ஒரு கோட்டை. 1551 ஜூலையில் உஸ்மானியக் கடற்படை அதைப் பிடித்து, ஏறக்குறைய தீவின் மொத்த ஜனத்தையும், சுமார் 5000 பேரை, அடிமைகளாக திரிபோலிக்குக் கொண்டுபோயிற்று. ஒரு தீவே காலி. பதினான்கு வருஷத்தில் 1565 முற்றுகை. இந்த நினைவோடு வளர்ந்த ஒரு ஜனத்திடம் போய், உன் வாயில் இருப்பது எதிரியின் மொழி என்றால் எப்படி இருக்கும்? பினீசியர் செத்துப்போனவர்கள். அவர்களை மூதாதையாக வைத்துக்கொள்வதில் எந்த வம்பும் இல்லை. இத்தனைக்கும் கிறிஸ்தவ வீரத்துறவிகளும் முஸ்லிம்களைப் பிடித்து வலெட்டாவில் அடிமையாக வைத்திருந்தார்கள். நெப்போலியன் வந்துதான் அவர்களை விடுவித்தான். இரண்டு பக்கமும் அதே தொழில்தான். அந்தப் பயத்தைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் பயத்துக்காக வரலாற்றை மாற்றுவதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. அதற்கு மறுப்பு அதே கோட்டைக்குள்ளேயே இருக்கிறது.

கோட்டையின் சிறிய அருங்காட்சியகத்தில் ஒரு பளிங்குப் பலகை. ஒரு பக்கம் ரோமானிய வேலைப்பாடு. யாரோ பழைய கல்லை எடுத்து, மறுபக்கத்தில் கூஃபிக் அரபு எழுத்தில் அழகாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஹஸன் என்பவரின் மகள் மைமூனாவின் கல்லறைக் கல். ஹிஜ்ரி 569 ஷஅபான் 16, அதாவது 1174 மார்ச் 21, வியாழக்கிழமை இறந்தாள். மரணத்திலிருந்து யாரும் தப்ப முடியுமா என்று பார்ப்பவரைக் கேட்கும் வரிகளும் உண்டு. மாமா ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். கோண எழுத்து அவருக்குப் பிடிபடவில்லை, 'அல்லாஹ்' மட்டும் கண்டுபிடித்தார்.

அந்தத் தேதியைக் கவனிக்க வேண்டும். நார்மன் ரோஜர் 1091இல் மால்டாவைப் பிடித்ததும் இஸ்லாம் துடைத்தெறியப்பட்டது என்பது பழைய கதை. மைமூனா அதற்கு 83 வருஷம் கழித்து இறக்கிறாள். கிறிஸ்தவ ஆட்சிக்குக் கீழே, பளிங்கில் அரபி செதுக்கத் தெரிந்த கைக்குக் கூலி கொடுக்கும் அளவு வசதியான முஸ்லிம் குடும்பம். 13ஆம் நூற்றாண்டில்தான் முஸ்லிம்கள் மதம் மாறினார்கள் அல்லது வெளியேற்றப்பட்டார்கள். மொழி மட்டும் வெளியேறவில்லை.

இன்னொரு சாட்சி, அல் ஹிம்யாரி என்ற அரபு ஆசிரியரின் புவியியல் நூல். 870இல் அரபியர் படையெடுத்த பிறகு தீவு ஆளில்லாத பாழிடமாகக் கிடந்தது, மரம் வெட்டவும் மீன் பிடிக்கவும் மட்டும் ஆட்கள் வந்துபோனார்கள், 1048-49இல் முஸ்லிம்கள் மறுபடி குடியேறினார்கள் என்கிறார். சில வருஷத்தில் பைசாந்தியர் தாக்க வந்தபோது, முஸ்லிம்கள் தங்களைவிட அதிகமாக இருந்த தங்கள் அடிமைகளிடம், "சேர்ந்து சண்டை போடுங்கள், விடுதலை தருகிறோம்" என்று பேரம் பேசி ஜெயித்தார்களாம். நிஜமாகவே தீவு முழுக்கக் காலியாக இருந்ததா என்று மால்டா அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஹிம்யாரி சொன்னதில் பாதி சரியென்றாலும் பினீசியச் சங்கிலி அங்கே அறுகிறது.

வஸ்ஸல்லியின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. மூலத்தைப் பற்றி அவர் சொன்னது நிற்கவில்லை, ஆனால் இந்த மொழியைப் பள்ளியில் கற்பிக்க வேண்டும், அச்சில் ஏற்ற வேண்டும் என்று முதலில் கத்தியவர் அவர். 1796இல் அகராதி போட்டார். அரசியல் சதி என்று சிறை, பிறகு வருஷக்கணக்கில் நாடுகடத்தல். 1820இல் திரும்பி, 1825இல் பல்கலைக்கழகத்தில் மால்டீஸ் பேராசிரியரானார். 1829இல் இறந்தபோது கத்தோலிக்க மண்ணில் இடம் கிடைக்காமல் புராட்டஸ்டண்ட் கல்லறையில் புதைத்தார்கள்.

படித்தவர்கள் இத்தாலியத்தில் எழுத, ஆட்சியாளர்கள் ஆங்கிலத்தைத் திணிக்க, மால்டீஸுக்கு 'சமையலறை மொழி' என்று பெயர். பொது எழுத்துமுறை வந்ததே 1924இல். 1934இல் ஆங்கிலத்தோடு சேர்ந்து அலுவல் மொழியானது. 2004 மே 1இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவல் மொழிகளில் ஒன்று. அங்கே இருக்கும் ஒரே செமித்திய மொழி.

இந்த மொழியின் மிகப் பழைய இலக்கியம் கிடைத்ததும் ஒரு நல்ல கதை. 1966இல் வரலாற்றாய்வாளர் காட்ஃப்ரி வெட்டிங்கரும், துறவி மிகியேல் ஃப்சட்னியும் 16ஆம் நூற்றாண்டுப் பத்திர எழுத்தர் ஒருவரின் பதிவேட்டைப் புரட்டியபோது, பத்திரங்களுக்கு நடுவே இருபது வரிக் கவிதை ஒன்று கண்ணில் பட்டது. எழுதியவர் 1485இல் இறந்த பியெத்ரு கஷாரு, அந்த எழுத்தரின் முன்னோர். வீடு இடிந்து விழுவதைப் பற்றிய பாட்டு. அதில் வரும் சொற்கள் ஏறக்குறைய எல்லாமே அரபி வழி வந்தவை.