கல்லூரி மாணவர்களே, வேலை தேடலை இப்போதே தொடங்குங்கள்

வேலை தேடுவது இறுதியாண்டுத் தேர்வு முடிந்த பிறகு செய்யும் காரியம் என்றே நம் வீடுகளில் இன்னும் நினைக்கிறோம். மத்யனில் மூஸா (அலை) அவர்களைப் பணியமர்த்தச் சொன்ன பெண், அவர்களின் வலிமையையும் நம்பகத்தன்மையையும் குறிப்பிட்டே பரிந்துரைத்தார் (அல்குர்ஆன் 28:26). படிக்கும்போதே செய்யும் பயிற்சிப் பணி, அப்படி ஒரு பரிந்துரையை நமக்கும் பெற்றுத் தரும்.

முதலில் சாதிச் சான்றிதழ். தமிழகத்தில் 2007 முதல் கல்வியிலும் அரசுப் பணியிலும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்னி, ஷேக், சையது, மாப்பிள்ளா, அன்சார், தூதேகுலா ஆகிய பிரிவினருக்கு அது உண்டு. பள்ளிச் சான்றிதழில் வெறுமனே 'இஸ்லாம்' என்றிருந்தால் போதாது. இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். இழுத்தடித்தால், வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். தேர்வு அறிவிப்பு வந்த பிறகு ஓடுவதில் பயனில்லை.

தொழிற்பழகுநர் பயிற்சி ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு மட்டும் என்ற எண்ணம் தவறு. மத்திய அரசின் 'நாட்ஸ்' தளத்தில் பி.ஏ., பி.காம். முடித்தவர்களும் பதியலாம், மாத உதவித்தொகையும் கிடைக்கும். 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' பயிற்சிகளை மதிப்பெண்ணுக்காக ஒப்பேற்றிவிடுகிறோம், நஷ்டம் நமக்குத்தான். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள். அங்குள்ள தன்னார்வ பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுப் பயிற்சி இலவசம்.

தெரியாத மென்பொருளைத் தெரியும் என்று சுயவிவரத்தில் எழுதுவதும் பொய்தான். நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே அகப்படும். வேலை தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்பவர்களுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.